கழியில் தண்ணீர் ஓடுகிறதா? பழவேற்காட்டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஒரு கழி, அதாவது கடலை ஒட்டிய ஆழமற்ற உப்புநீர் ஏரி. அது கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். அந்த முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. படகு மணலில் தட்டி நிற்கும். நாலைந்து பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். மனு போகும், பொக்லைன் வரும், வாய்க்கால் வெட்டப்படும். அடுத்த தென்மேற்குப் பருவக்காற்று ஓய்வதற்குள் மணல் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளும். மனுவில் இருப்பதெல்லாம் "முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள்" என்ற ஒரே வரிதான். கழிக்குள் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்ற கணக்கு அதில் இருப்பதில்லை.

அந்தக் கணக்கைக் கரையில் வாழ்பவர்களே எடுக்க முடியும். பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் ஆண்டுக்கான பொறுமை தேவை. பழவேற்காட்டை உதாரணமாக வைத்து அந்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். முட்டுக்காட்டிலோ மட்டக்களப்பு வாவியிலோ யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலோ இருப்பவர்கள் இடப்பெயரை மாற்றிக்கொண்டு இதையே செய்யலாம்.

தண்ணீரை நகர்த்துபவை

கழித் தண்ணீரை நகர்த்துபவை நான்கு: ஓதம், ஆறு, காற்று, வெயில்.

ஓதம் என்பது கடல் மட்டத்தின் ஏற்றமும் வற்றமும். ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை அது ஏறி இறங்குகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் பத்து மீட்டரைத் தொடும். நம் சோழமண்டலக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். வந்து போகும் தண்ணீரின் வேகம்தான் முகத்துவாரத்து மணலை அரித்து வெளியே தள்ள வேண்டும். நம் பக்கம் அந்த வேகம் குறைவு. இங்கே முகத்துவாரங்கள் எளிதில் அடைபடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த வேகத்துக்குத் துணை நிற்பது ஆற்று வெள்ளம். ஆரணியாறும் காளங்கியாறும் வடகிழக்குப் பருவமழையின்போது நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆனால் ஆரணியாறு கழியின் தென்கோடியில், முகத்துவாரத்துக்கு அருகிலேயே சேர்கிறது. அதன் வெள்ளம் நேராகக் கடலுக்குப் போய்விடும். கழியோ வடக்கே ஆந்திரத்துக்குள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. தெற்கே நடப்பதெல்லாம் வடகோடிக்கு வெகு தாமதமாகவே தெரியவரும்.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள அகன்ற நீர்ப்பரப்பில், விடாமல் வீசும் காற்று தண்ணீரை ஒரு கரையில் குவித்து எதிர்க்கரையில் சேற்றை வெளியே தெரியவைக்கும். முகத்துவாரத்திலிருந்து விலகிய பகுதிகளில் ஓதத்தைவிடக் காற்றுதான் தண்ணீரைக் கலக்குகிறது.

வெயிலின் வேலையை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாளில் 60 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு மீட்டர் ஆழக் கழியில் கடல்நீர் உள்ளே வராமல் இது நடந்தால், மீதமிருக்கும் 40 சென்டிமீட்டர் தண்ணீரில் உப்பு இரண்டரை மடங்காகிவிடும். பழவேற்காட்டின் வடபகுதி கோடையில் கடலைவிட உப்பேறி, பல இடங்களில் வறண்டு வெடிப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே.

படி 1: தெரிந்தவர்களிடம் போய் உட்காருங்கள்

கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது: எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதை ஊர்கூடி முறைவைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஆழம், ஓட்டம், அடிமண் பற்றிய அறிவு இருக்கிறது. "இந்தப் பாட்டில் முன்பு எவ்வளவு ஆழம்? இப்போது எவ்வளவு? ஏற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாக வரும்? எந்த ஆண்டிலிருந்து மாறியது?" என்ற நான்கு கேள்விகளை ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டு எழுதுங்கள். கடலோட்டத்துக்கும் சொற்கள் உண்டு. தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் இந்தக் கரையில் சொல்வார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் அவற்றையே எழுதுங்கள். அப்போதுதான் சொன்னவர் அதைப் படித்துத் திருத்த முடியும்.

வலையும் படகும் இல்லாமல் கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் அவசியம் கேளுங்கள். அப்படி இறால் தடவும் ஒரு பெண்மணியிடம், சேறு கெட்டுப்போனது எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். வழவழவென்று மை மாதிரி கறுப்பு, விரலிடுக்கில் வழிந்தது. பத்தடி தள்ளிப் போய் இன்னொரு கை அள்ளி வந்தார். அதில் மணல் நெருநெருத்தது, மேலே பழுப்பு நிறம், ஒரு புழு நெளிந்தது. "இதில் இறால் இருக்கும், அதில் இருக்காது" என்று மட்டும் சொன்னார். பின்னால் வரும் படி 6 முழுவதும் அந்த இரண்டு கைச் சேற்றின் விளக்கம்தான்.

படி 2: வரைபடத்தில் தடைகளைக் குறியுங்கள்

செயற்கைக்கோள் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பெரிதாக அச்சிட்டு, தண்ணீரின் குறுக்கே இருக்கும் ஒவ்வொன்றையும் சிவப்பில் குறியுங்கள்: சாலை, மேடாக்கப்பட்ட பாதை, கைவிடப்பட்ட இறால் பண்ணைக் கரை, பிடுங்காமல் விட்ட வலைக் கம்புகள், குப்பை மேடு.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை கழியை இரண்டாக வெட்டிச் செல்கிறது. இப்படிப்பட்ட சாலைகளின் அடியில் தண்ணீர் கடந்துபோக விட்ட கண்வாய்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனை தூர்ந்தவை, ஒவ்வொன்றின் அகலம் என்ன என்று நேரில் நடந்து எண்ணுங்கள். படத்தில் பாலம் தெரியும். பாலத்துக்கு அடியில் மண் நிரம்பியிருப்பது தெரியாது. பக்கிங்காம் கால்வாயையும் விட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அந்த நீர்வழி, பழவேற்காட்டைத் தெற்கே எண்ணூர்க் கழியோடு இணைக்கிறது. எண்ணூரில் தண்ணீரில் கலப்பது எண்ணூரோடு நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படி 3: மூன்று கம்பங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்று பிவிசி குழாய்களை எடுத்து, சென்டிமீட்டர் கோடுகளை அழியாத மையால் வரையுங்கள். ஒன்றை முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, அலை அடிக்காத இடத்தில் நடுங்கள். இரண்டாவதை நடுக்கழியில். மூன்றாவதை நீங்கள் போக முடிந்த கடைசி மூலையில். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ஓதம் பெரிதாக இருக்கும். அந்த நாளில் கம்பத்துக்கு ஒருவர் என்று மூவர் நின்று, காலை 5 மணி முதல் மாலை 6 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை எழுதுங்கள். பதின்மூன்று மணி நேரத்தில் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு வற்றமும் அடங்கிவிடும். காற்று எந்தத் திசை, எவ்வளவு பலம் என்பதையும் அதே தாளில் குறியுங்கள். அட்டமியை ஒட்டிய நாளில், ஓதம் சிறுத்திருக்கும்போது, இன்னொரு முறை செய்யுங்கள்.

இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது, ஒவ்வொரு கம்பத்திலும் தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கியது. இரண்டாவது, முதல் கம்பத்தில் உச்சம் வந்து எவ்வளவு நேரம் கழித்து அடுத்த கம்பத்தில் உச்சம் வந்தது. முகத்துவாரத்தில் 50 சென்டிமீட்டர், நடுவில் 15, கடைசியில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் எங்கோ தண்ணீர் மறிக்கப்படுகிறது. உங்கள் சிவப்புக் குறிகளில் எது அந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் முகத்துவாரத்துக் கம்பத்திலேயே 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை என்றால், அடைப்பு வாயில்தான்.

இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. பொக்லைன் கேட்பதற்கு முன் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஒரு நாள் வெயிலில் நிற்பது.

படி 4: மழை நின்ற நாளிலிருந்து உப்பை அளவிடுங்கள்

தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் சாயம் கலந்து பார்ப்பதுண்டு. நமக்கு அந்தச் சாயத்தை மழையே ஊற்றித் தருகிறது. வடகிழக்குப் பருவமழை முடியும்போது கழியின் உப்பு மிகக் குறைந்திருக்கும். அதன்பின் கடல்நீர் உள்ளே வரவர உப்பு ஏறும். எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு நன்றாகக் கடலும் கழியும் கலக்கின்றன என்று பொருள்.

இறால் பண்ணைகளில் பயன்படுத்தும் உப்புமானி, அதாவது ரிஃப்ராக்டோமீட்டர், போதும். ஒவ்வொரு முறையும் வாலைவடிநீரில் பூச்சியம் காட்டுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, கண்ணாடியை நல்ல நீரில் கழுவித் துடையுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி, வாரம் ஒருமுறை, மூன்று கம்பங்களிலும் கடலிலும் அளக்க வேண்டும். கடலில் லிட்டருக்கு 30 கிராம், நடுக்கழியில் 10 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20. அது பாதியாகக் குறைய, அதாவது நடுக்கழி 20ஐ எட்ட எத்தனை நாள் ஆனது? அந்த நாட்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். அது நீண்டுகொண்டே போனால் கழி அடைபடுகிறது. மார்ச்சுக்குப் பிறகு வெயிலும் உப்பை ஏற்றும் என்பதால் இந்தக் கணக்கை முதல் ஏழெட்டு வாரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல்தண்ணீரை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மழைக்காலத்தில் நன்னீர் மேலே மிதந்து, உப்புநீர் அடியில் தங்கிவிடும். அந்த அடிநீருக்கு மேலிருந்து காற்று போகாது. அடிநீர் எடுக்க ஒரு பாட்டிலின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டுங்கள், கார்க்கில் தனியாக ஒரு நூல் கட்டி லேசாக மூடுங்கள். பாட்டில் தரையைத் தொட்டதும் நூலைச் சுண்டினால் கார்க் விடுபட்டு அடிநீர் நிரம்பும். குமிழிகள் நின்றதும் சட்டென்று இழுத்துவிடுங்கள்.

படி 5: விடிவதற்கு முன் பிராணவாயு

தண்ணீரில் கரைந்த பிராணவாயு பகலில் அழகாகத்தான் இருக்கும். பாசியும் நீர்த்தாவரங்களும் வெயிலில் அதைத் தயாரிக்கின்றன. இரவு முழுவதும் அவையே அதை உறிஞ்சுகின்றன. ஆகவே மிகக் குறைந்த அளவு விடிவதற்குச் சற்று முன்னால்தான் கிடைக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்த அளவைக் காட்டி "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பண்ணைக்காரர்கள் வாங்கும் சொட்டுமருந்துப் பரிசோதனைப் பெட்டியே போதும். ஐந்து மணிக்குப் படகில் போய் மேலும் அடியுமாக எடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 3க்குக் கீழே மீன்கள் திணறத் தொடங்கும். 2க்குக் கீழே போனால் விலகிப் போக முடிந்தவை போய்விடும். முடியாத புழுவும் சிப்பியும் அங்கேயே சாகும். 30 பாகை வெப்பத்தில் கடல்நீரால் 6 மில்லிகிராம் அளவுதான் பிராணவாயுவைப் பிடித்துவைக்க முடியும். ஆகவே நம் கழிகளில் கையிருப்பு எப்போதும் குறைவு. ஓட்டம் நின்றால் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும்.

படி 6: சேற்றைப் பாருங்கள்

அந்த இரண்டு கைச் சேற்றுக்கு வருவோம். ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைச் சேற்றில் ஒரு முழம் இறக்கி, மேல்வாயைக் கையால் அடைத்து மெதுவாக உருவுங்கள். மேலே பழுப்பு அடுக்கு, கீழே கறுப்பு அடுக்கு தெரியும். பழுப்பு அடுக்குக்குப் பிராணவாயு எட்டுகிறது. கறுப்பில் பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள கந்தகச் சேர்மங்களைக் கொண்டு அழுகலைச் சிதைக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. பழுப்பின் தடிமனை அளந்து எழுதுங்கள். அது மறைந்து, கறுப்பு மேலேயே வந்துவிட்டால், தண்ணீர் நின்றுபோய்க் கனகாலம் ஆகிவிட்டது. தண்ணீர் நாளுக்கு நாள் மாறும்; சேறு பல மாதங்களின் சராசரியைச் சொல்கிறது.

இந்த வேலையின்போது காக்கா ஆழி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கறுப்புச் சிப்பி, எண்ணூரிலிருந்து பழவேற்காட்டுப் பக்கம்வரை பரவி, அடிமண்ணைப் பாய் விரித்ததுபோல் மூடுகிறது. மூடிய இடத்தில் இறால் புதைந்து ஒதுங்க முடியாது. ஓட்டம் தடைபட்டு, சேறும் சேரும். எங்கே கண்டாலும் தேதியோடு வரைபடத்தில் குறியுங்கள்.

படி 7: பிடிபடுவதை எழுதுங்கள்

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. கொடுவாயும் இனப்பெருக்கத்துக்கு முகத்துவாரத்தையும் கடலையும் நாடும். குஞ்சுகள் உள்ளே வரும் சமயத்தில் முகத்துவாரம் இரண்டு மாதங்கள் அடைபட்டால், அடுத்த பருவத்து இறாலே இல்லை. ஆகவே மூன்று நான்கு குடும்பங்களிடம் தினப் பிடியை இனவாரியாக எழுதச் சொல்லுங்கள்: இறால், மடவை, கொடுவா, நண்டு. எடை துல்லியமாக வேண்டாம்; கூடை கணக்கு போதும். முகத்துவாரம் திறந்திருந்த நாட்களையும் இதையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள்.

படி 8: முகத்துவாரத்தையும் மணலையும் தொடருங்கள்

மாதம் ஒருமுறை, வற்றத்தின்போது, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு புகைப்படம். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம். அகலம். தேங்காய் மட்டை ஒன்றை ஓட்டத்தில் மிதக்கவிட்டு, இரண்டு கம்புகளுக்கு இடையே 20 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினால் வேகமும் கிடைக்கும். வற்றத்தில் முகத்துவாரத்து ஓட்டத்தில் இறங்கவே வேண்டாம். நன்றாக நீந்துபவர்களையும் அது இழுத்துப் போகும்.

மணல் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் மட்டும் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கியே அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றதும் இதனால்தான். ஆகவே முகத்துவாரத்தில் வாரிய மணலைத் தென்கரையில் கொட்டினால், அது அடுத்த சில மாதங்களில் நடந்தே திரும்பி வந்துவிடும். கொட்டுவதாக இருந்தால் வடபக்கம் தள்ளிக் கொட்ட வேண்டும். அந்த மணல் இல்லாமல் அரிக்கப்படும் வடக்குக் கரைக்கும் அது தேவை.

சிலிகாவில் என்ன செய்தார்கள்

ஒடிசாவின் சிலிகா ஏரியும் இதே நோயில் கிடந்தது. பழைய முகத்துவாரம் நீண்ட வாய்க்காலுக்கு அப்பால் தூர்ந்து, உப்புக் குறைந்து, நன்னீர்க் களைகள் பரவி, மீன்வளம் சரிந்தது. உலக ஈரநிலங்களில் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் 1993இல் அது சேர்க்கப்பட்டது. அங்கே பழைய வாயையே மறுபடி மறுபடி வாரிக்கொண்டிருக்கவில்லை. நீரோட்ட மாதிரிகளை வைத்து ஆராய்ந்து, வேறோர் இடத்தில் 2000 செப்டம்பர் 23 அன்று புதிய முகத்துவாரத்தைத் திறந்தார்கள். உப்பு மீண்டது, களை பின்வாங்கியது, மீன்பிடி பன்மடங்கு உயர்ந்தது. 2002இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு "நமக்கும் புதிய வாய் வெட்டுங்கள்" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிகாவில் வெட்டுவதற்கு முன்னால் அளந்தார்கள், வெட்டிய பின்னும் அளப்பதை நிறுத்தவில்லை, நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரும் வண்டலையும் கவனித்தார்கள். அப்படியும் வாய் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

படி 9: எதை முதலில் கேட்பது

ஓர் ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால் கோரிக்கையின் வரிசை தானாகவே தெளிவாகும். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது கண்வாய்களை: தூர்ந்தவற்றைச் சுத்தம் செய்வது, குறுகியவற்றை அகலப்படுத்துவது, கைவிடப்பட்ட பண்ணைக் கரைகளை உடைப்பது. செலவு குறைவு, யாருக்கும் தீங்கில்லை, பலன் நிலைக்கும். இரண்டாவது, கழிவுநீரைத் தடுப்பது. கழிவு வந்துகொண்டே இருக்கும் வரை எவ்வளவு ஓட்டமும் போதாது. முகத்துவாரம் மூன்றாவதுதான், படி 3இல் வாயே அடைபட்டது என்று தெரிந்தால் தவிர.

முகத்துவாரத்தைத் திறப்பதாக இருந்தால் நேரம் பார்க்க வேண்டும். கழியின் மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும் மழைக்கால இறுதியில், பெரிய ஓதத்தின் வற்றம் தொடங்கும்போது வெட்டினால், உள்ளே தேங்கிய தண்ணீரே பாய்ந்து வாயை அகலமாக்கும். கோடையில் வெட்டுவது பெரும்பாலும் வீண். மட்டக்களப்பு வாவியில் பார்த்தால், வயல் மூழ்கும் விவசாயிக்கும் மீன் பிடிப்பவருக்கும் வாய் வெட்டும் நாள் ஒன்றாக இருப்பதில்லை. பழவேற்காட்டிலும் ஆழப்படுத்தும் வாய்க்கால் யாரோ ஒருவருடைய பாட்டின் வழியாகத்தான் போகும். அதை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

யாரும் தாமாக மண்வெட்டி எடுத்துவிடக் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கழிக்கும் பொருந்தும். பழவேற்காடு பறவைகள் சரணாலயமும் என்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். பூநாரைகள் இரை தேடும் ஆழமற்ற சேற்றுத் திட்டுகளைத் "தூர்ந்த இடம்" என்று எழுதிவிடாதீர்கள். அவை தூர்ந்தவை அல்ல. கழியின் உடம்பே அப்படித்தான்.

மனுவோடு கம்பங்களின் தாள், உப்புக் கணக்கு, மாதப் புகைப்படங்கள் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். மூலத்தை ஊரிலேயே, பள்ளியிலோ சங்கக் கட்டடத்திலோ வையுங்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். குறிப்பேடு ஒன்றுதான் இருக்கும்.

தொடங்க நாள் கேட்டால், வரும் அமாவாசைக்கு முந்தின நாள் மூன்று கம்பங்களையும் நட்டுவிடுங்கள். நடுக்கழிக் கம்பத்தைப் படகு மோதாத இடமாகப் பார்த்து, ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிடுங்கள்.